எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி: விருந்து சமைப்பவருக்கு எவ்வளவு உதவும்?

வீட்டுக்கு எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. அவர்கள் வந்து உட்கார்ந்து பேச்சு களைகட்டிய பிறகும் சமைத்தவர் மட்டும் அடுப்படியில் நின்று கிளறிக்கொண்டிருந்தால் விருந்தில் பாதி போனது போலத்தான். இந்த விமர்சனம் ஒரே ஒரு பாத்திரத்தைப் பற்றியது: எனாமல் பூசிய, கனத்த மூடி போட்ட வார்ப்பிரும்புச் சட்டி. கடைகளில் ‘டச்சு ஓவன்’ என்ற பெயரில் கிடைக்கும். எடை போட ஒரே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறோம்: வந்தவர்களோடு சமைத்தவரும் உட்கார முடிகிறதா?

முடிகிறது. சரியான அளவு பார்த்து வாங்கி, தீயை அடக்கி, முந்தைய நாளே சமைக்கப் பழகிக்கொண்டால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. விளம்பரங்கள் இதன் தலையில் ஏற்றி வைக்கிற சில பெருமைகள் மட்டும் உண்மையில் இதற்குச் சேராதவை. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

நெதர்லாந்துக்காரர்கள் செய்ததைப் பார்த்து, மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707-இல் காப்புரிமை வாங்கினார். டச்சு ஓவன் என்ற பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அதுதான். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. பிரான்ஸில் 1925-இல் தொடங்கிய லெ க்ரூசே, வார்ப்புத் தெரிந்த ஒருவரும் எனாமல் தெரிந்த ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். 1974-இல் அதே நாட்டின் அல்ஸாஸ் பகுதியில் ஸ்டௌப் என்ற நிறுவனம் வந்தது. இன்று விற்கும் பெரும்பாலான சட்டிகள் இந்த இரண்டில் ஒன்றின் வழியைப் பின்பற்றியவை: முதலாவதில் உட்புறம் வெளிர் மணல் நிறம், வழவழப்பு. இரண்டாவதில் உட்புறம் மங்கலான கறுப்பு, சற்றுச் சொரசொரப்பு, மூடியின் அடியில் சின்னச் சின்ன முனைகள்.

முதன்முதலாக வாங்குகிறவருக்கு வெளிர் நிறமே மேல் என்பது எங்கள் கருத்து. அடியில் பிடிக்கும் பழுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பொன்னிறமா, கருகப் போகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கறுப்புச் சட்டியில் மூக்கை நம்ப வேண்டும். மூக்குச் சொல்லும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். கறை தெரியாமல் இருப்பதும், வறுக்கும்போது இறைச்சிக்கு நல்ல நிறம் ஏறுவதும் கறுப்பின் பக்கம் உள்ள நியாயங்கள். கை பழகியவர்கள் அதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

எத்தனை லிட்டர்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். 24 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 4.2 லிட்டர், 26 செ.மீ. என்றால் சுமார் 5.3, 28 செ.மீ. என்றால் சுமார் 6.7. இது விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் கொள்ளும் அளவு. கொதிக்கவும் கிளறவும் கால் பங்கு இடம் விட வேண்டும். ஆகவே 5.3 லிட்டர் சட்டியில் சமைக்கக்கூடியது 4 லிட்டர். ஒருவருக்கு 400 மி.லி. என்று வைத்தால் பத்துப் பேர். இரண்டாவது முறை கேட்பவர்களும் இருப்பார்கள் என்பதால் எட்டுப் பேருக்குத் தாராளம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஓரிரு முறை விருந்தாளிகள் வருவார்கள் என்றால் 26 செ.மீ. போதும். பன்னிரண்டு பேர் அடிக்கடி வந்தால் 28.

அதற்கு மேல் பெரிதாக வாங்கும் ஆசையைக் கட்டுப்படுத்துவது நல்லது. 26 செ.மீ. சட்டி மூடியோடு 5 கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே 4 லிட்டர் இருந்தால் ஒன்பது கிலோவைத் தாண்டிவிடும். கொதிக்கிற ஒன்பது கிலோவை ஓவனின் கீழ்த்தட்டிலிருந்து குனிந்து எடுப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை. மணிக்கட்டு வலி, முதுகு வலி உள்ளவர்கள் கடையில் மூடியோடு தூக்கிப் பார்த்து, இதே எடை இன்னொரு மடங்கு ஏறும் என்று மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். காதுப் பிடிக்குள் தடித்த கையுறை போட்ட நான்கு விரல்கள் நுழைகின்றனவா என்பதையும் அங்கேயே பாருங்கள். அழகுக்காகப் பிடியைச் சிறிதாக்கிய சட்டிகள் நிறைய விற்கின்றன.

வட்டமா, நீள்வட்டமா என்ற கேள்விக்கு வட்டம் என்பதே விடை. நீள்வட்டம் முழுக் கோழி கொள்ளும், மேசையில் அழகாகவும் இருக்கும். ஆனால் வட்ட பர்னரில் அதன் இரண்டு முனைகளும் சூடேறாது. எப்போதும் ஓவனில் மட்டுமே சமைப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

சூடு பற்றிய உண்மை

‘சூட்டைச் சமமாகப் பரப்பும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அது சரியில்லை. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்கும் செம்புக்கும் வெகு பின்னால் நிற்கிறது. சின்ன பர்னரில் பெரிய சட்டியை வைத்து, எண்ணெயில் வெங்காயத்தைப் பரப்பிவிட்டு ஐந்து நிமிடம் கிளறாமல் பாருங்கள். நடுவில் தீ வட்டத்தின் அளவுக்கு ஒரு பழுப்பு வளையம் விழும். ஓரத்து வெங்காயம் அப்படியே வெள்ளையாக, அழுத்தினால் மொறுக்கென்று இருக்கும். சட்டியின் குணம் அந்த வளையத்தில் தெரிந்துவிடும். பர்னர் அடிப்பாகத்துக்குக் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்க வேண்டும், தீ குறைவாக இருக்க வேண்டும், பரவுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். நடுத்தரத்துக்கும் கீழான தீயில் எண்ணெயோடு நான்கைந்து நிமிடம் வைத்தால் ஓரம் வரை சூடு போய்ச் சேரும்.

இண்டக்ஷன் அடுப்பில் இது இன்னும் முக்கியம். உள்ளே இருக்கும் சுருளுக்கு நேர் மேலுள்ள இரும்பு மட்டும் சட்டென்று கொதிக்க, சுற்றியுள்ள இரும்பு குளிர்ந்தே நிற்கும். விரிவடைவதில் வரும் அந்த வித்தியாசத்தை எனாமல் தாங்காது. பத்தில் மூன்று, நான்கு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். பூஸ்ட் பொத்தானை இந்தச் சட்டிக்கு ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

‘மணிக்கணக்கில் சூடு தாங்கும்’ என்பதிலும் பாதிதான் உண்மை. ஐந்து கிலோ இரும்பு ஒரு டிகிரி ஏறுவதற்கு வாங்கும் வெப்பம், அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான தண்ணீர் வாங்கும் அளவுதான். உள்ளே 4 லிட்டர் குழம்பு இருந்தால் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் குழம்பு, சட்டி துணைக்கு நிற்கிறது. முழுச் சட்டியை மூடி வைத்தால் தோராயமாக ஒரு மணி நேரம் பரிமாறும் சூட்டில் இருக்கும். கால் சட்டி மட்டும் இருந்தால் அதில் பாதி நேரம்கூட நிற்காது. கடைசியாக வருபவருக்கும் சூடாகக் கொடுக்க வேண்டுமென்றால் கனத்த துண்டு ஒன்றை மூடியோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பிறகு ஐந்து கிலோ இரும்பினால் என்னதான் லாபம்? வறுக்கும்போது. சூடான மெல்லிய பாத்திரத்தில் குளிர்ந்த இறைச்சியைப் போட்டதும் அதன் சூடு சட்டென்று விழுந்து, இறைச்சி தண்ணீர் விட்டு, வறுபடாமல் அவிய ஆரம்பிக்கும். கனத்த இரும்பில் சேமித்து வைத்த சூடு இருப்பதால் போட்ட கணத்தில் சத்தம் குறையாது. விலை கொடுப்பது அந்தச் சத்தத்துக்குத்தான்.

வறுப்பதும் சுரண்டுவதும்

எட்டுப் பேருக்கு எலும்பில்லாத இறைச்சி ஒன்றரைக் கிலோ கணக்கு. எலும்போடு என்றால் இரண்டு கிலோ. நீண்ட நேரம் வேகும் சமையலுக்குத் தோள், கால் தசை போன்ற உழைத்த பாகங்களை வாங்குங்கள். 5 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். சிறிதாக நறுக்கினால் மூன்று மணி நேரத்தில் சக்கையாகிவிடும். கிலோவுக்கு 10 கிராம் உப்பு பிசிறி, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்தால் உப்பு உள்வரை இறங்கியிருக்கும். சமைக்கும் முன் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறம் வேகமாக ஏறுவதற்கு 140 டிகிரி வாக்கில் சூடு வேண்டும்.

26 செ.மீ. சட்டியின் அடிப்பாகம் விளிம்பைவிடக் குறுகல். துண்டுகளுக்கு நடுவே விரல் இடம் விட்டு அடுக்கினால் ஒரு தடவைக்கு 400 கிராம்தான் போகும். ஒன்றரைக் கிலோவையும் வறுக்க நான்கு தடவை ஆகும், ஒவ்வொன்றுக்கும் ஆறேழு நிமிடம். பொறுமை போய் எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொட்டுவதுதான் இந்தச் சட்டியில் நடக்கிற முதல் பிழை. அப்படிக் கொட்டுவதைவிடப் பாதியை மட்டும் நன்றாக வறுத்து, மீதியைப் பச்சையாகவே சேர்க்கலாம். ருசியின் பெரும்பகுதி அடியில் ஒட்டிய பழுப்பிலிருந்துதான் வருகிறது. இரண்டு தடவை வறுத்தாலே அது வேண்டிய அளவு சேர்ந்துவிடும்.

துண்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். அடிப்பக்கம் பொரிந்ததும் அதுவாக விடும். இன்னும் விடவில்லை என்றால் இன்னும் வறுபடவில்லை.

இறைச்சியை எடுத்துவிட்டு 600 கிராம் வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். வெங்காயம் விடும் தண்ணீரிலேயே பாதிப் பழுப்பு கரையும். பதினைந்து நிமிடம் வதங்கியதும் 150 மி.லி. வெந்நீர் விட்டு மர அகப்பையின் தட்டையான ஓரத்தால் தள்ளுங்கள். அகப்பை போகிற வழியெல்லாம் வெளிர் எனாமல் கோடு கோடாகத் தெரியும். கோட்டின் இரண்டு பக்கமும் பழுப்பு குழைந்து தண்ணீரில் இறங்கும். ஒரே நிமிடத்தில் தண்ணீர் தேன் நிறமாகிவிடும். இந்தத் தேன் நிறம் நன்றாக அமைந்துவிட்டால் பிறகு போடும் மசாலா எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ருசிக்குக் குறைவு வராது. தண்ணீர் கறுத்து, நாக்கில் கசந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவுங்கள். அந்தக் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. தண்ணீர் வெந்நீராகவே இருக்கட்டும். காய்ந்த எனாமலில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் மயிரிழை வெடிப்புகளுக்கு அதுவே ஆரம்பம்.

மூடி செய்யும் வேலை

கனத்த மூடி நீராவியைப் பெருமளவு உள்ளேயே நிறுத்துகிறது. மேலே போன ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி சொட்டுகிறது. மூடியின் அடியிலுள்ள முனைகள் அந்தச் சொட்டுகளைப் பரவலாக விழவைக்கின்றன என்று பெரிதாகச் சொல்வார்கள். சாப்பிடும்போது அந்த வித்தியாசம் தெரிகிறது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மூடி சரியாக உட்கார்கிறதா என்பதுதான் விஷயம்.

பழைய பாத்திரத்துக்கு எழுதிய குறிப்பை இதில் அப்படியே செய்தால் குழம்பு நீர்த்துப்போகும். திரவத்தைக் கால் பங்கு குறைத்துத் தொடங்குங்கள். ஒன்றரைக் கிலோ இறைச்சிக்கு 700 மி.லி. போதும். துண்டுகள் முக்கால்வாசி மூழ்கினால் சரி. மீதியை இறைச்சியே விட்டுக்கொள்ளும். கெட்டியாக வேண்டுமென்றால் கடைசி இருபது நிமிடம் மூடியைத் திறந்து சுண்டவிடலாம்.

அடுப்பா ஓவனா என்றால், ஓவன் இருப்பவர்கள் அதையே பயன்படுத்த வேண்டும். அடுப்பில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது. குழம்பு கெட்டியாக ஆக அதன் சுழற்சி நின்று, மாவுச்சத்து அடியில் படிந்து பிடிக்கிறது. ஓவனில் சூடு எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அடிப்பிடிக்கும் பயம் மிகக் குறைவு. 150 டிகிரியில் மூடி வைத்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அத்தனை நேரமும் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. அடுப்பில்தான் என்றால் இருப்பதிலேயே சின்னத் தீ, நடுவே ஒரு இரும்புத் தகடு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அடிவரை ஒரு கிளறல்.

இரண்டு மணி நேரம் ஆகியும் இறைச்சி கடினமாக இருந்தால் அதிகமாக வெந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். தசை நார்கள் 60 டிகிரியைத் தாண்டியதுமே சுருங்கி இறுகிவிடுகின்றன. அவற்றைக் கட்டியிருக்கும் சவ்வுகள் 70-க்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால்தான் கரைந்து பசையாகும். கடினமாக இருக்கிறது என்றால் சவ்வு இன்னும் கரையவில்லை. தீயைக் கூட்டாமல் இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள். முள்கரண்டி தன் எடையிலேயே இறங்கினால் பதம்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு

பயறு வகைகளுக்கு இந்தச் சட்டி அருமை, ஓர் எச்சரிக்கையோடு. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ உலர்ந்த பயறு, இரண்டு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் உப்புப் போட்டு இரவு முழுதும் ஊறட்டும். உப்பு நீரில் ஊறினால் தோல் இளகி, வேகும்போது வெடிக்காது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பயறுக்கு மேல் மூன்று செ.மீ. நிற்கும்படி ஊற்றுங்கள். சிவப்பு ராஜ்மா என்றால் முதலில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும், 30 நிமிடம் என்றால் இன்னும் பத்திரம். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு கொதித்தால்தான் அழியும். கொதி வராத இளஞ்சூட்டில் வைத்தால் பச்சையாகச் சாப்பிடுவதைவிட மோசமாக வாந்தியில் கொண்டுபோய் விடும். குறைந்த சூட்டில் நேரம் எடுத்துச் சமைப்பதுதான் இந்தச் சட்டியின் பலம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தக்காளி, புளிப்பு எல்லாம் பயறு நன்றாக மசிந்த பிறகே. புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பயறின் சுவர்கள் இளகாது. மூன்று மணி நேரம் வேகவைத்தும் நடுவில் ஒரு கல் நிற்கும்.

முந்தைய நாளே சமைப்பது

விருந்தாளியோடு உட்கார முடிகிறதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தச் சட்டியில் செய்கிற எதுவுமே மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கொழுப்பு மேலே உறைந்து தகடுபோல் நிற்பதால் கரண்டியால் வழித்தெடுக்கலாம். உப்பும் காரமும் சேர்ந்து ஒன்றாகியிருக்கும். வெங்காயம் நறுக்கிய நெடியும் பாத்திரக் குவியலும் முதல் நாளோடு முடிந்துபோகும்.

ஆனால் சமைத்த சட்டியை மூடியோடு மேடையில் இரவு முழுக்க விட்டுவிடுவது ஆபத்து. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கனத்த மூடிச் சட்டி அந்த இடைவெளியில் மணிக்கணக்கில் தங்கும். சூட்டைத் தாங்கும் குணமே இங்கே எதிராகிவிடும். அகலமான தட்டுப் பாத்திரங்களில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே ஆற நாழியாகும், பக்கத்திலிருக்கும் பாலும் சூடாகும். மறுநாள் அந்தச் சில்லிட்ட சட்டியை நேரே தீயில் ஏற்றுவது எனாமலுக்கும் கேடு.

மாலை ஏழு மணிக்கு வருகிறார்கள் என்றால் ஐந்தே முக்காலுக்கு உறைந்த குழம்பைச் சட்டிக்கு மாற்றி, 100 மி.லி. தண்ணீர் சேர்த்து, மூடி போட்டுச் சின்னத் தீயில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் அவ்வப்போது அடியைத் துழாவுங்கள். உறைந்த பசை உருகும்வரை அடிப்பிடிக்க வாய்ப்பு அதிகம். நாற்பது நிமிடத்தில் நடுவிலும் குமிழ் வரும். சூடு நடுவில் 75 டிகிரியை எட்டியாக வேண்டும். ஆறரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவி வாசலில் போய் நிற்கலாம்.

காரத்தை அடக்கியே வையுங்கள். எட்டுப் பேரில் ஒருவருக்காவது வயிற்றுக்கு ஆகாது, குழந்தைகளும் இருப்பார்கள். காரம் வேண்டுபவர்களுக்கு மிளகாய் தாளித்த எண்ணெய் ஒரு சின்னக் கிண்ணத்தில் பக்கத்திலிருந்தால் எல்லாரும் ஒரே சட்டியிலிருந்தே சாப்பிடலாம். சட்டியை மேசை நடுவில் தடித்த மரப்பலகை மேல் வைத்து, 150 மி.லி. கொள்ளும் அகப்பையைப் போட்டுவிடுங்கள். கண்ணாடி மேசையில் நேரடியாக வைக்காதீர்கள். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று எழுந்து ஓட வேண்டியதில்லை, சட்டியே அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் எழும் ஆவியும் வாசனையும் பரிமாறும் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டால் கிடைக்காது.

ரொட்டியும் இதிலேயே ஆகும். மாவு 500 கிராம், தண்ணீர் 375, உப்பு 10, உடனடி ஈஸ்ட் 2 கிராம். பிசையாமல் கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் விட்டு, பிறகு உருட்டி ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். ஓவனில் 230 டிகிரிக்குச் சூடேற்றிய காலிச் சட்டியில் அதைப் போட்டு, மூடியோடு 30 நிமிடம், திறந்து 15 நிமிடம். மாவிலிருந்து வரும் ஆவியை மூடி சிறைபிடிப்பதால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகாமல் ரொட்டி உப்புகிறது. காலிச் சட்டியைச் சூடேற்றக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிப்பார்கள். உங்கள் சட்டியில் அப்படிப் போட்டிருந்தால் மாவை பேக்கிங் காகிதத்தோடு குளிர்ந்த சட்டியில் வைத்து, நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மூடியின் குமிழ் பிளாஸ்டிக் வகை என்றால் அது எத்தனை டிகிரி தாங்கும் என்று முதலில் பாருங்கள். சில குமிழ்கள் 200-ஐத் தாண்டினால் தாங்காது. எஃகுக் குமிழ் என்றால் கவலை இல்லை.

கெடுவது எப்படி

எனாமல் கண்ணாடி என்பதை மறக்காமல் இருந்தால் இந்தச் சட்டி இருபது, முப்பது வருடம் உழைக்கும். விளிம்பில் இரும்புக் கரண்டியைத் தட்டி உதறுவதுதான் சில்லு பெயர்வதற்கு முதல் காரணம். வெளிப்புறத்திலோ மூடியின் ஓரத்திலோ சில்லு போனால் அழகுதான் கெட்டது, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிச் சமைக்கலாம். உட்புறத்தில் பெயர்ந்துவிட்டால் அந்தச் சட்டியில் சமைக்காதீர்கள். ஓரம் தொடர்ந்து உதிரும், உதிர்வது கண்ணாடித் துகள். உத்தரவாதம் வார்ப்புக் குறைக்குத்தான் பொதுவாகச் செல்லும், கீழே போட்டதற்குச் செல்லாது.

அடிப்பிடித்ததற்குக் கம்பி நாரை எடுக்க வேண்டாம். மூன்று செ.மீ. தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் போட்டுப் பத்து நிமிடம் கொதித்தால் மர அகப்பைக்கே ஏடு ஏடாக எழும். வெளிர் உட்புறத்தில் ஏறும் தேநீர் நிறக் கறைக்கு சோடாவைக் குழைத்துப் பூசி ஓர் இரவு விடலாம். முழுதாகப் போகாவிட்டாலும் சமையலுக்குக் குறைவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரம் பளபளப்பை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், கையால் கழுவுவதே நல்லது. கழுவிய பின் எனாமல் மெலிந்திருக்கும் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, மூடிக்கும் சட்டிக்கும் நடுவே மடித்த துணி வைத்து எடுத்து வையுங்கள்.

யாருக்கு வேண்டாம்? தினமும் பயறு வேகவைப்பவர்களுக்கு பிரஷர் குக்கர்தான் சரி. உள்ளே சுமார் 120 டிகிரி இருப்பதால் இந்தச் சட்டி இரண்டு மணி நேரம் எடுப்பதை அது அரை மணிக்குள் முடித்துவிடும், எரிபொருளும் மிச்சம். வறுவல், பொரியல் போல் கிளறிக்கொண்டே தீயைக் கூட்டிக் குறைக்க வேண்டிய சமையலுக்கும் இது உதவாது. தீயைக் குறைத்தாலும் இரும்பு உடனே கேட்காது.

கடையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. மூடியை வைத்து எதிரெதிர் ஓரங்களை மாறி மாறி அழுத்துங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, டக்டக்கென்று தட்டினால் வேறொன்று கேளுங்கள். உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அவை அடிப்பாகத்தில் இருந்தால் வேண்டாம். உட்புற விளிம்பிலிருந்து அடி வளையும் இடம்வரை விரலை ஓட்டுங்கள். அந்த வளைவு அகலமாகவும் அகப்பை போகும்படியும் இருக்க வேண்டும். இடுக்காக இருந்தால் பழுப்பு அங்கேயே தங்கிக் கருகும். கடைசியாக, இரண்டு பிடிகளையும் பிடித்து மூடியோடு மார்பு உயரத்துக்குத் தூக்கி முப்பது விநாடி நில்லுங்கள். கை நடுங்கினால் ஓர் அளவு சிறிதாக வாங்குங்கள்.